கணையப் புற்றுநோய்: ரத்தத்தில் தடயம் தேடுவது ஏன் இத்தனை கடினம்?

கணையம் இரைப்பைக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கிறது. அங்கே சிறு கட்டி வந்தால் கைக்குத் தட்டுப்படாது. காமாலையோ முதுகுவலியோ வந்து ஸ்கேன் எடுக்கும்போது, பெரும்பாலானவர்களுக்கு அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும். அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் புரதம் ஏதாவது ரத்தத்தில் இருக்கிறதா என்பதுதான் தேடல்.

இப்போது மருத்துவர்கள் அதிகம் பார்ப்பது சிஏ 19-9. ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியின் குழு 1979இல் பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்திலிருந்து வெளியிட்ட ஆய்வில் பிறந்தது இது. சரியாகச் சொன்னால் இது புரதமல்ல, புரதங்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலி. மில்லிலிட்டருக்கு 37 யூனிட்டைத் தாண்டினால் சந்தேகப்படுவார்கள். ஆனால் பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் இந்த அளவு ஏறிவிடும். நூற்றில் 5 முதல் 10 பேருக்கோ இதை உருவாக்கும் நொதி பிறவியிலேயே வேலை செய்யாது. புற்று முற்றினாலும் அவர்களில் பலருக்கு அளவு உயராது.

சரி, புதிய புரதத்தை எப்படித் தேடுகிறார்கள்? ரத்தப் பிளாஸ்மாவின் புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின். கட்டியிலிருந்து கசியும் புரதம் அதைவிடப் பல கோடி மடங்கு குறைவாக இருக்கலாம். அதனால் முதலில் அல்புமினைப் பிரித்தெடுக்கிறார்கள். மீதியை டிரிப்சினால் துண்டுகளாக வெட்டுகிறார்கள் (டிரிப்சின் கணையமே சுரக்கும் நொதிதான்). அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் அந்தத் துண்டுகளின் எடையை அளக்க, அதை வைத்து எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று கணிக்கிறார்கள்.

இப்படிப் புற்றோடு கூடிக் குறையும் புரதங்களின் பட்டியல் கிடைப்பது பெரிய விஷயமில்லை. யாரோடு யாரை ஒப்பிட்டோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. காமாலை வந்த நோயாளிகளை ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால், புற்றின் அடையாளம் என்று நினைத்துக் காமாலையின் அடையாளத்தைப் பிடித்துவிடுவோம். எனவே கணைய அழற்சி, பித்தக்கல் உள்ளவர்களின் ரத்தமும் ஒப்பீட்டில் இருந்தே ஆக வேண்டும். நோய் தெரிவதற்குப் பல மாதங்கள் முன்பே எடுத்து உறையவைத்த ரத்தம் கிடைத்தால் இன்னும் நல்லது.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கென் சாரெட் குழு வேறு வழியில் போனது. நோயாளியின் புற்றுச் செல்லைக் குருத்தணு (பல வகைச் செல்களாக மாறக்கூடிய தொடக்கச் செல்) நிலைக்குத் திருப்பி, அது மீண்டும் ஆரம்பக்கட்டப் புற்றாக வளரும்போது என்ன சுரக்கிறது என்று பார்த்தார்கள். அப்படித் தேர்ந்தது திராம்போஸ்பாண்டின்-2 என்ற புரதம். சிஏ 19-9ஐயும் இதையும் சேர்த்துப் பார்த்தால் நோயைக் கண்டுபிடிக்கும் திறன் கூடுகிறது என்று 2017இல் வெளியிட்டார்கள்.

நல்ல புரதம் கிடைத்தாலும் கணக்கு ஒன்று குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 13 பேருக்கு இந்த நோய் வருகிறது. நோயில்லாதவர்களில் 99 சதவீதத்தினரைச் சரியாக ஒதுக்கிவிடும் சோதனைகூட, லட்சம் பேரில் சுமார் 1,000 பேரை வீணாகக் கலங்கடிக்கும். ஆனால் 50 வயதுக்கு மேல் புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்களில் ஏறக்குறைய 1 சதவீதத்தினருக்கு மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்று தெரியவருகிறது. அதே சோதனையை அப்படிப்பட்ட 1,000 பேருக்குச் செய்தால், புற்று உள்ளவர்கள் சுமார் 10 பேர், தவறான எச்சரிக்கையும் சுமார் 10தான்.