வாணவேடிக்கை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பினால்

கடைசி வெடியின் சத்தம் ஓய்ந்து கோட்டைக்கு மேலே புகை மட்டும் மிதக்கிறது. அடுத்த நிமிடமே தரையில் வேறொரு சத்தம் கேட்கத் தொடங்குகிறது. குழந்தைகளின் தள்ளுவண்டிகளில் பிரேக்கை விடுவிக்கும் 'கிளிக்'. அங்கே ஒன்று, இங்கே ஒன்று, பிறகு எல்லாப் பக்கமும். அதுவரை கோட்டையைப் பார்த்து நின்ற ஆயிரக்கணக்கான பேர் அப்படியே முதுகைத் திருப்பி, ஒரே தெருவை நோக்கி நடக்கிறார்கள்.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், வால்ட் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் இரவுதோறும் நடப்பது இது. அக்கா குடும்பத்தோடு நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். அக்கா மகள் அத்தானின் தோளில் பாதித் தூக்கத்தில் இருந்தாள். "வேகமா நடந்தா முதல் படகைப் பிடிச்சிடலாம், வாங்க" என்றார் அத்தான். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். ஆனால் வேகமாக நடப்பது பெரும்பாலும் பலன் தருவதில்லை. அதற்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. அந்தக் கணக்கு நம் பொறுமையை மட்டுமல்ல, சில இடங்களில் உயிரையும் தொடுகிறது என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

முதலில் அந்த இடத்தின் அமைப்பு. 1971 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்ட இந்தப் பூங்காவுக்கும் அதன் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே செவன் சீஸ் லகூன் என்ற, மனிதர்கள் வெட்டிய ஏரி கிடக்கிறது. காரை விட்டு இறங்கியதும் பூங்காவுக்குள் நுழைந்துவிட முடியாது. மோனோரயில் எனும் ஒற்றைத் தண்டவாள ரயிலிலோ பெரிய படகிலோ ஏரியைத் தாண்ட வேண்டும். வெளியுலகத்தை அக்கரையில் விட்டுவிட்டு வருகிற உணர்வு வர வேண்டும் என்றே இப்படி வடிவமைத்தார்கள். காலையில் அது அழகான பயணம். காலையில் எட்டு மணிக்குச் சிலர், பத்து மணிக்குச் சிலர் என்று வருவதால் கூட்டம் தானாகவே பிரிந்துவிடுகிறது. இரவில் அப்படி இல்லை. வாணவேடிக்கை எல்லோருடைய கடிகாரத்தையும் ஒரே நொடியில் நிறுத்திவைக்கிறது.

சரி, கணக்குக்கு வருவோம். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலமுள்ள வழியில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம் என்பது பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளை வடிவமைக்க வைத்திருக்கும் அளவு. படிக்கட்டு என்றால் 66 பேர். பூங்காவின் வெளியேறும் தெருவில் மக்கள் உண்மையில் நடக்கும் அகலம் எட்டு மீட்டர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு சுமார் 650 பேர். அக்கரைக்குப் போக வேண்டியவர்கள் 12,000 பேர் என்றால், சுமார் 18 நிமிடத்தில் அத்தனை பேரும் தெருவைக் கடந்து கரைக்கு வந்துவிடுவார்கள்.

இனி கரை. படகு ஒவ்வொன்றிலும் சுமார் 600 பேர் ஏறலாம். மூன்று படகுகள் ஓடுகின்றன, ஆட்களை ஏற்றி இறக்கித் திரும்பிவர ஒவ்வொன்றுக்கும் 24 நிமிடம் ஆகிறது என்று கொள்வோம். எட்டு நிமிடத்துக்கு ஒரு படகு, அதாவது நிமிடத்துக்கு 75 பேர். மோனோரயில் ஒன்றில் சுமார் 360 பேர். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் நிமிடத்துக்கு 72 பேர். இரண்டையும் சேர்த்தால் ஏறத்தாழ 150. தெரு நிமிடத்துக்கு 650 பேரைக் கொண்டுவந்து கொட்டுகிறது, கரை 150 பேரைத்தான் எடுத்துக்கொள்கிறது. 12,000 பேரும் ஏரியைத் தாண்ட 80 நிமிடம் ஆகும். நாம் ஓடினாலும் சரி, தவழ்ந்தாலும் சரி, அந்த 80 நிமிடம் மாறாது.

பதினெட்டாம் நிமிடத்தில் கரைக்கு வரும் கடைசி ஆள் ஒரு மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நிற்பார். எண்பதாம் நிமிடத்தில் மெதுவாக நடந்துவருபவரும் அதே நேரத்துக்குப் படகில் ஏறிவிடுவார். இருவரும் வீடு சேர்வது ஏறக்குறைய ஒன்றாகத்தான். ஒருவர் காத்திருந்தது கூட்டத்தின் நடுவில், தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்தபடி. இன்னொருவர் காத்திருந்தது பூங்காவுக்குள் ஒரு பெஞ்சில். அத்தான் சொன்னதுபோல் வேகமாக நடந்து 500 பேரை முந்தியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? 500-ஐ 150-ஆல் வகுத்தால் மூன்று நிமிடம் இருபது நொடி வரும்.

காத்திருப்பை ஒழிக்க முடியாது. அது எங்கே நடக்கட்டும் என்பதை மட்டும்தான் தேர்ந்தெடுக்க முடியும். நமக்கு இது வசதி சம்பந்தப்பட்ட விஷயம். கூட்டத்தை நிர்வகிப்பவர்களுக்கு இதுதான் வேலையின் உயிர்நாடி. ஏன் என்று புரிய, கூட்டத்தின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேண்டும்.

தனியாக நடக்கும் ஒருவர் நொடிக்கு சுமார் 1.3 மீட்டர் வேகத்தில் போகிறார். முழு அடி எடுத்துவைக்கக் காலுக்கு முன்னால் இடம் வேண்டும். பக்கத்தில் ஆட்கள் கூடக்கூட அந்த இடம் சுருங்கி, அடியும் சின்னதாகிறது. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்ற அடர்த்தியில் வேகம் நொடிக்கு 0.6 மீட்டராகக் குறைகிறது. அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கினால், ஒரு மீட்டர் அகலத்தில் நொடிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்பது கிடைக்கும். இங்கே அது 1.2 பேர். மனிதக் கூட்டம் நன்றாக ஓடும் நிலை ஏறக்குறைய இதுதான். இதே இடத்தில் இன்னும் நெருக்கிக்கொண்டு நான்கு பேர் நின்றால் வேகம் 0.15 அளவுக்கு விழுந்துவிடும். பெருக்கிப் பாருங்கள், 0.6 பேர்தான். நெருக்கம் இரண்டு மடங்கானதும் வெளியே போகிறவர்களின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. பின்னாலிருந்து முட்டித் தள்ளுகிறவர் தன் வழியைத் தானே அடைக்கிறார்.

ஏழு பேர் வரை போகும்போது நடப்பது என்ற செயலே முடிந்துவிடுகிறது. கூட்டம் திரவம்போல் ஆகிவிடும். ஒரு பக்கம் யாரோ தடுமாறினால் அந்த அசைவு அலையாகப் பரவி, பல மீட்டர் தள்ளி நிற்பவரைத் தரையிலிருந்து தூக்கிவிடும். இப்படிப்பட்ட நெரிசல்களில் இறப்பவர்களில் பெரும்பாலோர் மிதிபட்டுச் சாவதில்லை. நான்கு பக்கமும் அழுத்தம் வந்து, நெஞ்சுக்கூடு விரிய இடமின்றி மூச்சு நின்று போகிறார்கள். பல பேர் நின்ற நிலையிலேயே இறந்திருக்கிறார்கள்.

வாணவேடிக்கை முடிந்து கிளம்பும் கூட்டத்தைப் பற்றி எழுதும்போது ஜப்பானின் அகாஷி நகரத்தைச் சொல்லாமல் கடக்க என்னால் முடியவில்லை. 2001 ஜூலை 21. கடற்கரையில் கோடைகால வாணவேடிக்கை. ரயில் நிலையத்திலிருந்து கடற்கரைக்குப் போக ஒரு நடைமேம்பாலம், நீளம் சுமார் 100 மீட்டர், அகலம் 6 மீட்டர். அதன் கடற்கரை முனையில் பாதை திரும்பி ஒரு படிக்கட்டில் இறங்குகிறது. படிக்கட்டின் அகலம் பாலத்தில் பாதி, 3 மீட்டர்.

மேலே சொன்ன அளவுகளை இதில் போட்டுப் பாருங்கள். பாலம் நிமிடத்துக்கு 490 பேரைக் கொண்டுவரும். படிக்கட்டு 200 பேரைத்தான் இறக்கும். அதுவும் எல்லோரும் ஒரே திசையில் போனால். அன்றைக்கு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்ப ரயில் நிலையத்துக்கு ஏறியவர்களும், நிலையத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கியவர்களும் அதே படிக்கட்டில் எதிரெதிராக வந்தார்கள். பாலத்திலிருந்து வாணவேடிக்கை நன்றாகத் தெரிந்ததால் அங்கேயே நின்று பார்த்தவர்களும் உண்டு. படிக்கட்டின் அடியில் கடைகள் வேறு. காத்திருப்பு முழுவதும் அந்தப் பாலத்தின் மேல் வந்து சேர்ந்தது. ஒரு சதுர மீட்டருக்கு 13 பேருக்கு மேல் நெரிந்ததாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். 11 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் குழந்தைகள். மற்ற இருவரும் முதிய பெண்கள். 247 பேருக்குக் காயம். பெரியவர்களின் இடுப்புயரத்தில் இருக்கும் குழந்தைகளுக்கு அந்த நெரிசலில் மூச்சுவிடக் காற்று எங்கிருந்து வரும்? பூங்காவில் என் பக்கத்தில் நடந்த குழந்தைகளைப் பார்த்தபோது அந்த ஒன்பது என்ற எண்தான் என் மனத்தில் வந்து நின்றது.

அன்று பாலத்தின் பின்பக்கம் இருந்தவர்களுக்கு முன்னால் நடப்பது தெரியவே இல்லை. கூட்ட நெரிசல்கள் பலவற்றிலும் இதுதான் நிலை. முன்னால் இருப்பவருக்கு ஆபத்து தெரியும், ஆனால் அவரால் எதுவும் செய்ய முடியாது. பின்னால் இருப்பவரால் நிற்க முடியும், ஆனால் அவருக்கு எதுவும் தெரியாது. ஆகவே உயரத்தில் நின்று பின்வரிசையிடம் பேசும் ஒரு குரல் வேண்டும். 2013 ஜூன் மாதம் ஜப்பான் கால்பந்து அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற இரவில், டோக்கியோவின் ஷிபுயா சந்திப்பில் ஒரு போலீஸ்காரர் வண்டிமேல் ஏறி, மைக்கில் அன்பும் நகைச்சுவையுமாகப் பேசியே கூட்டத்தை நகர்த்தினார். மக்கள் அவருக்கு 'டிஜே போலீஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதட்டியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இப்போது பூங்காவுக்குத் திரும்பினால், அங்கே செய்திருக்கும் பல ஏற்பாடுகளின் நோக்கம் புரிகிறது. வெளியேறும் தெருவான மெயின் ஸ்ட்ரீட்டில் உள்ள கடைகள் பூங்கா மூடும் நேரத்துக்குப் பிறகும் திறந்திருக்கும். விற்பனை நடக்கிறது, அது உண்மைதான். கூடவே அந்தக் கடைகள் தெருவிலிருந்து ஆட்களை உறிஞ்சிவைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. கோட்டைக்கு முன்னால் உள்ள வட்டத் திடலை 2015 வாக்கில் விரிவாக்கிப் புல்வெளிகள் அமைத்தார்கள். நெருக்கம் மிகும் இரவுகளில் கடைகளுக்குப் பின்னால், வழக்கமாக ஊழியர்கள் மட்டும் நடமாடும் வழியையும் திறந்துவிடுகிறார்கள். கரையில் வளைந்து வளைந்து செல்லும் கம்பித் தடுப்புகள் நீண்ட வரிசையைச் சின்ன இடத்துக்குள் மடித்துவைக்கின்றன. அதைவிட முக்கியம், பின்னால் இருப்பவர் தள்ளினாலும் அந்த விசை ஒரு திருப்பத்தோடு நின்றுவிடும்.

நடக்க முடிந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அருகிலுள்ள கன்டெம்பரரி ஹோட்டலுக்குப் பத்து நிமிட நடைதான். கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலுக்கும் 2020இல் நடைபாதை திறந்துவிட்டார்கள். அந்த ஹோட்டல்களில் தங்குபவர்கள் நடந்தே போய்விட்டால், அந்த அளவுக்கு வண்டிகளுக்கான வரிசையும் குறையும்.

நாங்கள் செய்தது ரொம்பச் சாதாரணம். இந்தக் கணக்கை அத்தானிடம் விரல்விட்டுச் சொன்னேன். நம்பியும் நம்பாமலும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்தாள். தெரு எங்களைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. முதலில் தோளோடு தோள் உரசி, பிறகு ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே தரை தெரிகிற மாதிரி, அப்புறம் கூட்டிப் பெருக்கும் ஊழியர்கள் தடையில்லாமல் நடக்கிற மாதிரி. இடையில் அக்கா மகள் ஒருமுறை கண் விழித்து, "சித்தி, பட்டாசு முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

கரைக்குப் போனபோது கம்பித் தடுப்புகளுக்குள் நாற்பது, ஐம்பது பேர்தான் இருந்தார்கள். படகின் மேல்தளத்தில் ஓரமாக இடம் கிடைத்தது. அத்தான் குழந்தையை மடியில் படுக்கவைத்துக்கொண்டார். ஏரிக்கு நடுவே திரும்பிப் பார்த்தேன். கோட்டையின் விளக்குகள் தண்ணீரில் உடைந்து உடைந்து தெரிந்தன. புகை முழுவதும் கலைந்துபோயிருந்தது.