வலி போய்விட்டது என்று களத்தில் இறங்காதீர்கள்

தை பிறந்து இரண்டு வாரத்துக்குள் இவன் மூன்றாவது ஆள். 19 வயது, கபடியில் ரைடர். செப்டம்பரில் வலது முட்டியில் ஏ.சி.எல். (தொடை எலும்பையும் கால் எலும்பையும் முட்டிக்குள் கட்டிப் பிடிக்கும் ஜவ்வு) அறுவை முடிந்து என்னிடம் பிசியோதெரபிக்கு வந்துகொண்டிருந்தான். நவம்பர் கடைசியோடு வருவதை நிறுத்திவிட்டான். பொங்கலுக்கு ஊரில் மின்னொளி கபடி. இரண்டாவது ஆட்டத்தில் பாடிப் போய்த் திரும்பும்போது முட்டிக்குள் 'டப்' என்று சத்தம். "வலியே இல்லக்கா, வீக்கமும் இல்ல, அதான் இறங்கிட்டேன்" என்கிறான். அவன் அப்பா ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

இந்த 'வலி இல்ல'யைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். அறுந்த ஜவ்வைப் பெரும்பாலும் தைத்து ஒட்டுவதில்லை. (ஊரில் தசைநார், தசைநாண், குருத்தெலும்பு எல்லாமே 'ஜவ்வு'தான், எது கிழிந்தது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.) தொடையின் பின்பக்கத்திலிருந்து, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அந்த இடத்தில் கோத்து வைக்கிறார்கள். வைத்த அன்று அதில் ரத்த ஓட்டமே கிடையாது. உடம்பு அதற்குள் ரத்தக்குழாய்களை வளர்த்து, பழைய நாரைக் கரைத்துப் புது நாரைப் போட வேண்டும். கரைகிற அந்த இரண்டாம், மூன்றாம் மாதங்களில் அது வைத்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கும். வலி விட்டு, வீக்கம் வடிந்து, நடை சரியாவதும் அதே மாதங்களில்தான்! நான்காம் மாதத்தில்கூட அது முழுதாகத் தேறியிருக்காது.

நாடாவை எடுத்து முட்டிச் சில்லுக்கு 10 செ.மீ. மேலே சுற்றிப் பார்த்தேன். இடது தொடையைவிட வலது 3 செ.மீ. மெலிந்திருந்தது. இந்தக் காலை ஊன்றித்தான் நான்கு பேர் பிடியிலிருந்து திமிறியிருக்கிறான்.

2016-ல் வெளியான டெலவர்-ஒஸ்லோ ஆய்வு, அறுவை முடிந்த 106 விளையாட்டுக்காரர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்தது. களத்துக்குத் திரும்புவதை ஒன்பதாவது மாதம் வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப்போடப் போட, மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்தது. தொடை வலு, ஒற்றைக்கால் தாவல் போன்ற சோதனைகளில் தேறி ஆடப்போனவர்களில் 5.6% பேருக்குத்தான் மறு காயம். தேறாமல் போனவர்களில் 38.2%.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா என்பது தனிக் கதை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து நடந்து 2010-ல் வந்த ஆய்வில், பயிற்சியில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஆண்டுவரை அறுவைக்குப் போகவில்லை. பழைய கிழிசலோடு முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர்களுக்கு அறுவையே மேல் என்று 2022-ல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. எந்த வழியில் போனாலும் பயிற்சி உண்டு.

அப்பா கடைசியில் வாய் திறந்தார்: "பரம்பரையா இருக்குமா மேடம்? எச்சில் டெஸ்ட் எடுக்கச் சொல்றாங்க." கொலாஜன் (தசைநாருக்கு வலுத் தரும் புரதம்) மரபணுக்களுக்கும் இந்தக் காயத்துக்கும் தொடர்பு தேடிய ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நேரடியாக விற்கும் இத்தகைய சோதனைகளை வைத்து இளம் வீரர்களை எடைபோட வேண்டாம் என்று 2015-லேயே விளையாட்டு மரபியல் வல்லுநர்கள் கூடிச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தைத் தொடைப் பயிற்சிக்குச் செலவழியுங்கள்.

ஒன்பது மாதத்துக்கு முன் களம் வேண்டாம். நல்ல காலின் வலுவில் 90% வராமல் ஒன்பது மாதம் முடிந்தாலும் வேண்டாம். தாவிப் பார்க்கும் சோதனையை வீட்டு முற்றத்தில் தனியாகச் செய்யாதீர்கள். பயிற்சிக்கு வருவதை நீங்களாக நிறுத்தாதீர்கள். காசுதான் சிக்கல் என்றால் சொல்லுங்கள், வீட்டிலேயே செய்கிற மாதிரி அட்டவணை போட்டுத் தருகிறோம்.

போட்டி நடத்தும் அண்ணன்மாரே, பெயர் கொடுக்க வருகிற பையனின் முட்டியில் புதுத் தழும்பு தெரிந்தால் அறுவை என்றைக்கு நடந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒன்பது மாதம் ஆகவில்லை என்றால் அவனை ஸ்கோர் எழுத உட்கார வையுங்கள்.