பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’: எந்தப் பட்டம் எதற்குச் செல்லும்?

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நாடி பார்ப்பவரும் டாக்டர். வியாசர்பாடி அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரியில் பாடம் எடுப்பவரும் டாக்டர். தண்டையார்பேட்டை தெருமுனை ஃப்ளெக்ஸில் மாலையோடு இருப்பவரும் டாக்டர். மூன்றும் ஒன்றல்ல. எது எந்த வேலைக்குச் செல்லும் என்று தெரியாமல் பணத்தையும் வருஷங்களையும் விட்டவர்கள் நம் பகுதியில் நிறைய.

மருத்துவப் பக்கம் குழப்பம் குறைவு. எம்.பி.பி.எஸ். இளநிலைப் பட்டம்தான், ‘டாக்டர்’ என்பது தொழில் வழக்கு. அதன்மேல் 3 ஆண்டு படித்தால் எம்.டி. அல்லது எம்.எஸ்., இன்னும் 3 ஆண்டு சேர்த்தால் டி.எம். அல்லது எம்.சிஎச். என்ற உயர்சிறப்புப் பட்டம். பெயரில் ‘டாக்டர்’ வந்தாலும் எம்.டி. இங்கே முதுநிலைப் பட்டம், பிஎச்.டி. என்கிற ஆராய்ச்சிப் பட்டம் அல்ல. பார்ம்.டி. +2 முடித்தவர்கள் சேரும் 6 ஆண்டுப் படிப்பு. 5 ஆண்டு பாடம், கடைசி ஆண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. இது மருந்தியல் துறைப் பட்டம், எம்.பி.பி.எஸ். போல வைத்தியம் பார்க்க அனுமதி தராது.

டி.லிட். (இலக்கியம்), டி.எஸ்சி. (அறிவியல்), எல்எல்.டி. (சட்டம்) ஆகியவை இரண்டு வழியில் வரும். ஆராய்ச்சி செய்து சமர்ப்பித்துப் பெறுவது ஒன்று. பொதுவாழ்வுப் பணிக்காகப் பல்கலைக்கழகம் தருகிற கௌரவப் பட்டம் இன்னொன்று. கௌரவப் பட்டத்தை வைத்து உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பட்டம் தரும் உரிமை யாருக்கு என்பதை 1956 யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்தின் 22-ஆம் பிரிவு வரையறுக்கிறது: சட்டம் இயற்றி அமைத்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம். அறக்கட்டளையோ பேரவையோ மண்டபம் பிடித்துக் கொடுக்கும் ‘டாக்டர் பட்டம்’ பட்டமே ஆகாது. தயவுசெய்து அதற்குக் காசு கட்டாதீர்கள்.

இனி பிஎச்.டி. இப்போது நடப்பில் இருப்பது 2022 யு.ஜி.சி. ஒழுங்குமுறை. முதுநிலையில் 55% மதிப்பெண் வேண்டும். 4 ஆண்டு இளநிலை மட்டும் முடித்தவருக்கு 75%. எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 5% தளர்வு உண்டு. பிஎச்.டி.க்கு முன் படித்துவந்த எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது, ‘புதுசா எம்.ஃபில். சேர்க்கிறோம்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2, ஆக 8. பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்களுக்கும் 10 ஆண்டு வரை. பெண்களுக்குப் பேறுகால, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. கல்யாணம், பிரசவம் என்று பாதியில் விட்ட பெண்கள் பலருக்கு இது தெரிவதில்லை. இந்த ஆண்டுக் கணக்கு சேர்க்கை நாளிலிருந்து ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முழுநேரம் சேர்ந்து முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் பெறலாம். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் ‘பிஎச்.டி. சேர்க்கைக்குத் தகுதி’ என்று மட்டும் வந்தால் அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும்; சேர்க்கையில் அந்த நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்முகத்துக்கு 30% கணக்கிடுவார்கள்.

வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்யலாம். அஞ்சல்வழியிலோ ஆன்லைனிலோ பிஎச்.டி. கிடையாது. பகுதிநேரத்தில் சிக்குவது பெரும்பாலும் வேலை பார்க்கும் இடத்தில் வாங்கவேண்டிய என்.ஓ.சி.யில் (ஆட்சேபணையின்மைச் சான்று) தான். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிக் கடிதம் போதாது. பகுதிநேரம் படிக்க அனுமதி, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க்குக்காக (ஆராய்ச்சியோடு முடிக்கவேண்டிய பாட வகுப்புகள்) பணியிலிருந்து விடுவிப்போம் என்ற ஒப்புதல், இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். மூன்றாவதை எழுத நிர்வாகங்கள் தயங்கும். விண்ணப்பத் தேதிக்கு முன்பே பேசி வாங்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட கைடு, அதாவது ஆய்வு நெறியாளர், முக்கியம். ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரை, இணைப் பேராசிரியர் 6 பேரை, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு 3 ஆண்டுக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக் கூடாது. ‘சார் எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாரு’ என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருக்காமல், எத்தனை இடம் காலி, ஓய்வு எந்த ஆண்டு என்று அவரிடமே கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் இருக்கும். பழைய வண்ணாரப்பேட்டை பிரவுசிங் சென்டரிலோ உங்கள் போனிலோ அவர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். இரண்டு மூன்று ஆய்வேடுகளின் பதிவு ஆண்டையும் சமர்ப்பித்த ஆண்டையும் ஒப்பிட்டால், உங்களுக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.