நொய்மை வளையி

புயல் சேத ஆய்வுகளில் 'பிரஜிலிற்றி கேவ்' (fragility curve) என்ற சொல் அடிக்கடி வரும். இத்தனை வேகத்தில் காற்று அடித்தால், ஒரே வகை வீடொன்று குறித்த சேதநிலையை எட்டவோ தாண்டவோ நிகழ்தகவு எவ்வளவு என்று காட்டும் கோடு அது. கிடையச்சில் காற்றின் வேகம், நிலைக்குத்தச்சில் நிகழ்தகவு.

'ஒரே வகை' என்பதுதான் இதில் முக்கியம். யாழ்ப்பாணத்தில் கிடுகு வீடும் ஓட்டு வீடும் சீற் போட்ட வீடும் ஒரே ஒழுங்கையில் நிற்கும். மூன்றுக்கும் மூன்று கோடுகள் வேண்டும். கொங்கிறீற் தட்டுக் கூரைக்கான கோடு வலப்பக்கம் வெகுதூரம் தள்ளிப்போய்விடும். வகை ஒன்றானாலும் ஆணியும் மரமும் மேசனின் கைவேலையும் வீட்டுக்கு வீடு வேறுபடுவதால், எல்லாக் கூரையும் ஒரே வேகத்தில் பறக்காது. அதனால் கோடு படிபோல ஏறாமல், சரிந்த 'எஸ்' வடிவில் ஏறுகிறது. பெரும்பாலும் மடக்கைச் செவ்வன் பரம்பலை (மடக்கை எடுத்தால் மணி வடிவில் அமையும் பரம்பல்) பொருத்தியே இதை வரைவார்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமன்: மணிக்கு 60 கிலோமீற்றர் வேகம் 120 ஆனால் கூரையை இழுக்கும் விசை நான்கு மடங்கு.

'பிரஜிலிற்றி' என்ற சொல்லின் மூலம் இலத்தீனின் 'பிராகிலிஸ்', உடையக்கூடியது என்று பொருள். எலும்பு முறிவைச் சொல்லும் 'பிராக்சர்' அதற்கு உறவு. அணு உலைகள் நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று கணித்தவர்கள்தான் இந்தச் சொல்லைப் பரவலாக்கினார்கள். புயற்காற்றுக்கு அது பிறகுதான் வந்தது.

தமிழில்? 'சேத வளைகோடு' என்றால் குழப்பம். பழுதுபார்க்கும் செலவு வீட்டின் பெறுமதியில் எத்தனை வீதம் என்று காட்டும் கோடு வேறொன்று இருக்கிறது, அந்தப் பெயர் அதற்கே பொருந்தும். 'பலவீனம்' ஆளுக்குச் சொல்வதுபோல இருக்கிறது. எளிதில் உடைவதைச் சொல்ல 'நொய்மை' உண்டு. 'கேவ்' என்பதற்கு எங்கள் பள்ளிக்கூடக் கணிதத்தில் 'வளையி' ஏற்கெனவே இருக்கிறது. ஆக, நொய்மை வளையி. தமிழ்நாட்டார் 'நொய்மை வளைவரை' என்றாலும் சரிதான்.

1964 டிசம்பர்ப் புயலில் இருந்து 2020 புரேவி வரை வடக்கு கண்டதை வைத்து இப்படியொரு வளையி வரையலாமே என்று தோன்றும். ஆனால் நிலவர அறிக்கைகள் 'முழுச் சேதம்', 'பகுதிச் சேதம்' என்று இரண்டு எண்களோடு நின்றுவிடுகின்றன. வளையிக்கு அதே காற்றில் சேதமில்லாமல் தப்பிய வீடுகளின் எண்ணிக்கையும் வேண்டும், அவற்றின் கூரை வகையும் வேண்டும். 2008 நிஷாபோல வெள்ளம் கெடுத்த வீடுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அதற்கு வெள்ளத்தின் ஆழத்தைக் கிடையச்சில் வைத்து வேறு வளையி வரைய வேண்டும்.