டி.டி.எஸ். மீட்டரில் 18 காட்டினால் நல்ல தண்ணீர் ஆகிவிடாது

வாட்ஸ்அப்பில் மறுபடியும் அதே படம். டம்ளருக்குள் டி.டி.எஸ். மீட்டர் (லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எத்தனை மில்லிகிராம் என்று காட்டும் கருவி), திரையில் 18. “சார், 18 காட்டுது, நல்ல தண்ணிதானே?” அந்த வீட்டில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால், வாட்டர் ஃபில்டரில் கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) விளக்கு எரியவில்லை, டேங்கின் உள்பக்கம் வழவழவென்று பாசி. மீட்டர் இது எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது.

மருந்து ஆலையோ பாய்லரோ சாயப்பட்டறையோ, ஃபில்டரேஷன் பொறியாளர் முதலில் கேட்பது ‘எதை வெளியேற்ற வேண்டும், அது எவ்வளவு இருக்கிறது’ என்பதைத்தான். தண்ணீர் ரிப்போர்ட் பார்க்காமல் அங்கே மெம்பிரேன் (உப்பைத் தடுத்துத் தண்ணீரை விடும் சவ்வு) வாங்கமாட்டோம். வீட்டுக்கு வாங்கும்போது மட்டும் ஒரு மீட்டரின் எண் போதும் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

அந்த மீட்டரில் இருப்பவை இரண்டு உலோக ஊசிகள். இடையில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று அளந்து, அதை 0.5 முதல் 0.7-க்குள் ஓர் எண்ணால் பெருக்கி, உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. உடம்புக்கு வேண்டிய கால்சியமும் கைக்குழந்தைக்கு ஆபத்தான நைட்ரேட்டும் அதற்கு ஒன்றுதான். பாக்டீரியாவும் பூச்சிக்கொல்லியும் கண்ணில் படவே படாது. ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. அது 3 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டரில் சில எண்தான் கூடும். சாக்கடை கலந்த குழாய்த் தண்ணீர் 250 காட்டலாம். இளநீரில் விட்டுப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும்.

ஆர்.ஓ. (மெம்பிரேன் வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பை நீக்கும் ஃபில்டர்) விற்பவர்கள் வீட்டுக்கு வந்து, தண்ணீரில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சிச் செய்துகாட்டும் வித்தையும் அப்படித்தான். குழாய்த் தண்ணீர் பழுப்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, கருவியின் இரும்புக் கம்பி கரைந்த துரு. ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை கல்லுப்பு போடச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும்.

இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 டி.டி.எஸ். 500 வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை. 500-க்குக் கீழே இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ.வைத் தடைசெய்யச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் உத்தரவிட்டது. பயம் கிருமி மட்டும் என்றால் கார்பனும் யு.வி.யும் போதும். 1500 காட்டும் போர் தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்போல ஃபுளோரைடு இருக்கும் இடத்தில் டி.டி.எஸ். குறைவாக இருந்தாலும் வேண்டும். அங்கே ருசிக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்துவிடாதீர்கள். அந்தத் திருகு புதிதாக மினரல் எதையும் சேர்ப்பதில்லை. மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரைக் கலந்துவிடுகிறது, ஃபுளோரைடும் கூடவே வந்துசேரும்.

மீட்டரைத் தூக்கிப் போட வேண்டாம், அதற்கு உருப்படியான வேலை ஒன்று உண்டு. கன்ட்ரோலரை மூடிவிட்டு, உள்ளே போகும் தண்ணீரையும் மெம்பிரேனிலிருந்து வருவதையும் அளந்து எழுதிவையுங்கள். 900 போய் 60 வந்தால் 93 சதவீதம் தடுக்கிறது, நல்ல நிலை. அந்தச் சதவீதம் 80-க்குக் கீழே இறங்கினால் மெம்பிரேனை மாற்ற வேண்டிய நேரம். மாற்றும்போது ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டரையும் (வேஸ்ட் தண்ணீர் வெளியேறும் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு பாகம்) சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வேஸ்ட் தண்ணீரைக் குறைக்கிறேன் என்று சர்வீஸ் ஆள் டிரெயின் குழாயை இறுக்கினால் விடாதீர்கள். வெளியேற வேண்டிய உப்பு மெம்பிரேன் மேலேயே படிந்து, அடைத்துப்போகும்.

மண், தூசியைத் தடுக்கும் வெள்ளை உருளையான ஸ்பன் ஃபில்டரைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். அதன்மேல் எழுதியிருக்கும் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உத்தேச அளவுதான், அந்த அளவுத் துகள் எல்லாம் நிற்கும் என்ற உத்தரவாதம் இல்லை. குளோரினைப் பிடித்துவைக்கும் கார்பன் தீர்ந்துபோனால் கண்ணுக்குத் தெரியாது, குளோரின் மெம்பிரேனைத் தின்னும்போதுதான் தெரியவரும். யு.வி. விளக்கு நீலமாக எரிவதாலேயே கிருமி சாகிறது என்று நம்பாதீர்கள், வருடம் ஒருமுறை மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இருக்காது, அதனால் டேங்கில் கிருமி சுலபமாக வளரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து கழுவுங்கள். ஊருக்குப் போய் வந்தால் பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிடுங்கள்.

வாங்கும் முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள், தயவுசெய்து. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் பரிசோதனைக் கூடம் உண்டு. கிருமிச் சோதனைக்கு அவர்கள் தரும் கிருமி நீக்கிய பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், வீட்டு பாட்டில் ஆகாது. குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இ.கோலை (மலம் கலந்திருப்பதைக் காட்டும் பாக்டீரியா), 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அடுத்து, லிட்டருக்கு நைட்ரேட் 45, ஃபுளோரைடு 1.5, ஆர்செனிக் 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இந்த வரிசையைப் பார்த்து முடித்த பிறகு டி.டி.எஸ். வரியைப் படியுங்கள்.