ஹன்டர்டனில் வீடு பார்க்கிறீர்களா? கொஞ்சம் மண்ணுக்கடியிலும் பாருங்கள்

அக்டோபர் பிறந்தால் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். எடிசன், பிஸ்கட்டவே பக்கம் அடுக்ககங்களில் குடியிருக்கும் நம் குடும்பங்கள், இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க நியூ ஜெர்சியின் மேற்குக் கோடியிலுள்ள ஹன்டர்டன் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போல) காரில் போய் வருவார்கள். ரவுண்ட் வேலி நீர்த்தேக்கம், டெலவேர் ஆற்றங்கரை, வேலிக்குள் மேயும் குதிரைகள். திரும்பும்போது மனத்தில் ஒரு வீடு குடியேறியிருக்கும். அமெரிக்காவிலேயே குடும்ப வருமானம் மிகுந்த கவுண்டிகளில் அதுவும் ஒன்று, பள்ளிகளும் நல்லவை. ஆசைப்படுவதில் தவறே இல்லை.

வீட்டுப் பரிசோதகனாக என் கவலை வேறு. இந்த மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு நகராட்சிக் குடிநீரும் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. தண்ணீர் உங்கள் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும். கழிவுநீர் உங்கள் தோட்டத்து மண்ணிலேயே இறங்கும். இரண்டுக்கும் பொறுப்பு நீங்கள்தான். மின்சாரம் போனால் கிணற்று மோட்டாரும் நின்றுவிடும். 2012இல் சாண்டி புயலுக்குப் பின் நாள்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் தவித்தவர்கள் இங்கே உண்டு.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கணவர் சமையலறையின் கருங்கல் மேடையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கொல்லைப்புறத்திலிருந்து கூப்பிட்டார்: "அண்ணா, இங்கே மட்டும் புல் எவ்வளவு செழிப்பாக இருக்கிறது பாருங்கள்! வெண்டையும் கத்தரியும் இங்கேயே போட்டுவிடலாம்." போய்ப் பார்த்தேன். நீள்சதுரமாக ஓர் இடம் மட்டும் கரும்பச்சை. மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது. காலை ஊன்றியதும் காலணியைச் சுற்றி நீர் ஊறியது. செப்டிக் தொட்டியிலிருந்து வரும் கழிவுநீரை மண் ஏற்க மறுத்து மேலே தள்ளிக்கொண்டிருந்தது. புதிதாக அமைக்கப் பல பத்தாயிரம் டாலர் ஆகும். நல்லவேளை, வாங்குமுன் வீட்டைப் பரிசோதிக்கும் உரிமையை அவர்கள் ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. போட்டி மிகுந்தால் முகவர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடச் சொல்வார்கள். தயவுசெய்து விடாதீர்கள்.

செப்டிக்கில் நம்மவர்கள் அறியாத இன்னொன்று: அதன் கொள்ளளவைப் படுக்கையறை எண்ணிக்கையை வைத்தே கணக்கிட்டு அனுமதி தருகிறார்கள். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து ஆறு மாதம் தங்குவார்களே என்று அடித்தளத்தில் ஓர் அறை கட்ட நினைப்போம். மூன்று அறைக்கு அனுமதி பெற்ற செப்டிக் என்றால் நான்காவது அறைக்கு அனுமதி கேட்கும்போது அங்கேயே வந்து இடிக்கும்.

கிணற்று நீர் பற்றி நான் ஒவ்வொரு குடும்பத்திடமும் மன்றாடுவது போலச் சொல்வது ஒன்றுண்டு. இப்பகுதிப் பாறைகளில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை. "நாங்கள் எப்போதும் காய்ச்சித்தான் குடிப்போம்" என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஆர்செனிக் போகாது. நீர் ஆவியாக, மிச்ச நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். அதே தண்ணீரில்தான் சோறும் சாம்பாரும் குழந்தையின் கஞ்சியும். நியூ ஜெர்சியில் அனுமதிக்கப்பட்ட அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். நாடு முழுமைக்குமான வரம்பான 10இல் பாதி. 2002 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, வீட்டை விற்கும்போது கிணற்று நீரைச் சோதித்தாக வேண்டும். முடிவைப் பார்த்ததாக இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஆனால் அளவு மீறியிருந்தாலும் விற்பனையை அந்தச் சட்டம் தடுப்பதில்லை. பதிவு நாளன்று நீட்டப்படும் காகிதக் கட்டில் அதுவும் ஒன்றாகப் போய்விடுகிறது. அந்தத் தாளை மட்டும் முன்கூட்டியே வாங்கி வரிவரியாகப் படியுங்கள். மீறியிருந்தால் வடிகட்டும் அமைப்பைப் பொருத்தலாம். அதன் செலவை விலை பேசும்போதே பேசிவிடலாம்.

மண்ணிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயுவான ரேடானுக்கான சோதனையையும் சேர்த்துச் செய்யுங்கள். அதன் அளவு லிட்டர் காற்றுக்கு 4 பிக்கோகியூரியைத் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தொட்டால் அடித்தளத்துக்குக் கீழிருந்து காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் வைக்க வேண்டும், பெரிய வேலையில்லை.

பழைய வீடென்றால் வெளிச்சுவரை ஒருமுறை சுற்றி வாருங்கள். எதற்கென்றே தெரியாமல் இரண்டு இரும்புக் குழாய்கள் மண்ணிலிருந்து தலைநீட்டினால், கீழே வெப்பமூட்டும் எண்ணெய்த் தொட்டி புதைந்திருக்கலாம். கசிந்திருந்தால் மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழும். காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும்.

விலை சொல்லுமுன் சுகாதாரத் துறை அலுவலகத்தில் அந்த முகவரியின் செப்டிக் கோப்பைக் கேளுங்கள். பொது ஆவணம்தான், யாரும் கேட்கலாம். எந்த ஆண்டு அமைத்தது, எத்தனை அறைக்கு, தோட்டத்தில் எந்த மூலையில் என்பதெல்லாம் வரைபடமாக இருக்கும். என்னை அழைக்கும் நாளில் அதைக் கையில் வைத்திருங்கள்.