பிளேசர்: ஆறு கொழித்துப் போட்ட பொன்

‘பிளேசர்’ என்று தமிழ் எழுத்தில் பார்த்தால் பலருக்குக் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை போட்டுக்கொள்ளும் கோட்டுதான் நினைவுக்கு வரும். இன்னும் வயதானவர்களுக்கு, புழுதி கிளப்பிக்கொண்டு ஊருக்குள் வந்த ‘பிளசர்’ கார். நான் பேசவந்தது இரண்டையும் பற்றி அல்ல. கனடாவின் யூகான், அமெரிக்காவின் அலாஸ்கா, ரஷ்யாவின் கொலிமா என்று வடகோடியில் தங்கம் தேடுகிறவர்களிடம் தினமும் புழங்கும் சொல் இது.

முதலில் உச்சரிப்பு. சுரங்கக்காரர்கள் ஏகாரம் போட்டுச் சொல்வதில்லை. ‘பிளாசர்’ என்பதற்குப் பக்கத்தில் வரும்படி குறுக்கிச் சொல்வார்கள். ‘இடம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போலவே எழுத்து இருப்பதால் நாம் பிளேசர் ஆக்கிவிட்டோம். சரி, பழகிவிட்டது, இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: மூலப் பாறையிலிருந்து கழன்று விழுந்த கனமான கனிமத் துகள்கள், தண்ணீரோ அலையோ இழுத்துப் போக, இலேசான மண்ணும் மணலும் அடித்துச் செல்லப்பட்ட பிறகு ஓரிடத்தில் தங்கிச் சேர்ந்த படிவு. தங்கம் மட்டும் அல்ல. பிளாட்டினம், வெள்ளீயத் தாது, வைரம், இல்மனைட் எல்லாம் இப்படிச் சேரும். பாறைக்குள்ளேயே, வெண்கல் (குவார்ட்ஸ்) நாளங்களில் பதிந்து கிடக்கும் தங்கத்துக்கு ‘லோட்’ என்று வேறு பெயர். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வெட்டியது லோட் தங்கம். பிளேசருக்கு அத்தனை ஆழம் வேண்டாம். பாறையை உடைக்கும் வேலையை லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஆறு முடித்து வைத்திருக்கும்.

சொல் எங்கிருந்து வந்தது? ஸ்பானிய மொழியில் ‘பிளாசேர்’ என்றால் மணல்திட்டு, ஆற்றிலோ கடலிலோ ஆழம் குறைந்து மணல் மேடிட்ட இடம். அதற்கும் முன்னால் கத்தலான் மொழி, அதற்கும் முன்னால் லத்தீன். அடியில் இருப்பது ‘வெளி, திறந்த இடம்’ என்ற பொருள். மாலுமிகளின் சொல்லாக இருந்தது, மெக்சிகோவின் தங்கம் அரிப்பவர்களிடம் வந்தபோது ‘தங்கம் தங்கும் மணல்’ ஆயிற்று. 1842-இல் கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த ஒரு பள்ளத்தாக்குக்கு ‘பிளாசெரிட்டா’, அதாவது சின்ன பிளேசர், என்றே பெயர். 1848-இல் அங்கே பெரும் தங்க வேட்டை தொடங்கியதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் தொழிலோடு சொல்லையும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பானியத்தில் இதே எழுத்துகளோடு ‘இன்பம்’ என்று பொருள்படும் இன்னொரு சொல்லும் உண்டு. தங்கம் கிடைத்தால் இன்பம்தானே என்று சிலர் முடிச்சுப் போடுவார்கள். வேர் வேறு. நம்ம ஊர் பிளசர் கார்தான் உண்மையில் அந்த இன்பத்தின் தூரத்துச் சொந்தம்.

கலிபோர்னியாவிலிருந்து சொல் வடக்கே ஏறியது. 1896 ஆகஸ்டில் யூகானில் கிளான்டைக் ஆற்றின் கிளையான ராபிட் ஓடையில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ட குழுவில் இருந்தவர்கள் கெய்ஷ், அவருடைய அக்காள் மகன், கெய்ஷின் சகோதரி கேட், அவளுடைய கணவர் ஜார்ஜ் கார்மாக். முதல் மூவரும் அந்த மண்ணின் பழங்குடியினர். ஆனால் கண்டுபிடித்தவருக்கான உரிமை நிலம் கார்மாக் பெயரில்தான் பதிவாயிற்று. ஓடையின் பெயரும் ‘பொனான்சா’ என்று மாறிற்று. அதுவும் ஸ்பானிய மாலுமிச் சொல்தான்: கொந்தளிப்பு அடங்கிய கடல், நல்ல வானிலை. மணல்திட்டும் கடலமைதியும் கடலையே காணாத ஒரு மலையோடையில் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. கிளான்டைக் என்பதோ யூகானின் ஹான் பழங்குடியினர் மொழியில் உள்ள ‘ட்ரோண்டெக்’ என்பதன் சிதைவு. சால்மன் மீனை மறிக்க ஆற்றில் முளையடிக்கப் பயன்பட்ட சுத்தியல் கல்லைக் குறிக்கும் பெயர் அது.

சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் அதில் பாதிக்கும் குறைவு. அந்தக் கதை ஏராளமாகச் சொல்லப்பட்டுவிட்டது. எனக்கு அதைவிட ருசியானது, தங்கம் ஏன் அங்கே அப்படிக் கிடந்தது என்பது.

தங்கத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 19.3 மடங்கு. ஆற்று மணலில் பெரும்பகுதியான வெண்கல் துகளுக்கு 2.65 மடங்குதான். தண்ணீருக்குள் மிதப்புவிசையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும்; ஒரே அளவுள்ள தங்கத் துகள் மணல் துகளைவிடக் கிட்டத்தட்ட 11 மடங்கு கனமாக நடந்துகொள்ளும். ஆறு எங்கெல்லாம் வேகம் குறைகிறதோ, அதாவது வளைவின் உட்புறம், பெரிய பாறையின் பின்புறம், கிளை ஆறு வந்து சேரும் இடம், அங்கெல்லாம் தங்கம் முதலில் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு வெள்ளத்திலும் கூழாங்கற்கள் புரளப் புரள, இடுக்கு வழியாகக் கீழே கீழே நழுவி அடிப்பாறையில் போய் நிற்கும். பாறை வெடிப்பு இருந்தால் அதற்குள்ளும் இறங்கிவிடும். அதனால்தான் அடிப்பாறையைத் தொடாமல் குழியை மூடிவிட்டுப் போகிறவனைப் பார்த்துப் பழைய ஆட்கள் சிரிப்பார்கள்.

கிளான்டைக்குக்கு இன்னொரு அதிர்ஷ்டம். பனியூழிக் காலங்களில் கனடாவின் பெரும்பகுதியைப் பனிப்பாளம் மூடி, மேல்மண்ணையும் சரளையையும் வழித்துக்கொண்டு போயிற்று. நடு யூகானின் மேற்குப் பகுதியைப் பனிப்பாளம் தொடவில்லை. ஆறுகள் பல லட்சம் ஆண்டுகளாகச் சலித்துச் சலித்துச் சேர்த்தது கலையாமல் இருந்தது. அப்படிச் சேர்ந்ததிலிருந்து இதுவரை எடுத்தது ஏறத்தாழ 2 கோடி அவுன்ஸ், அதாவது 600 டன்னுக்கு மேல். அதற்கு ஈடான தாய் நாளம் ஒன்றை மலையில் தேடியவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. பழைய உருமாறிய பாறைகளில் அங்கங்கே ஓடும் சின்னச் சின்ன வெண்கல் நாளங்கள்தான் மூலம் என்பது இன்றைய புரிதல். சில்லறை சில்லறையாக அரித்து ஆறு சேர்த்த சேமிப்பு.

பெரிய சிக்கல் உறைநிலம். சரளை ஆண்டு முழுவதும் கல்லைப் போல இறுகிக் கிடக்கும். முதலில் வந்தவர்கள் குளிர்காலத்தில் விறகை அடுக்கி எரிப்பார்கள், இளகிய அளவுக்குத் தோண்டுவார்கள், மறுபடி எரிப்பார்கள். இப்படி 10 மீட்டர் வரைகூட இறங்கி, அள்ளிய சரளையை வெளியே குவித்து வைத்து, வசந்தத்தில் ஓடைத் தண்ணீர் உருகியதும் அலசுவார்கள். குளிர்காலம் முழுக்க உழைத்துவிட்டு, கையில் என்ன இருக்கிறது என்று மே மாதத்தில்தான் தெரியும். சரளைக்கு மேலே உறைந்த கருஞ்சேறு கனமாகப் படிந்திருக்கும். அதை இளக்கும்போது மம்மூத் (பனியூழிக் கால யானை இனம்) எலும்புகள் வருவது அங்கே சாதாரணம். 2022 ஜூனில் யுரேகா ஓடையில் பிளேசர் சுரங்கக்காரர்கள் ஒரு மம்மூத் குட்டியையே தோலோடும் முடியோடும் கண்டார்கள். 30,000 ஆண்டுகளுக்கு மேல் பழையது.

சரி, தமிழுக்கு வருவோம். பிளேசர் தங்கத்தைப் பொதுவாக ‘வண்டல் தங்கம்’ என்று சொல்லிவிடுகிறோம். கேட்க இனிமைதான், ஆனால் பொருந்தாது. வண்டல் என்பது ஆறு கொண்டுவந்து படியவைக்கும் மென்மையான மண். தங்கம் இருப்பதோ பெரும்பாலும் கரடுமுரடான சரளையில். தவிர, எல்லாப் பிளேசரும் ஆற்றுப் படிவு அல்ல. அலாஸ்காவின் நோம் நகரில் 1899-இல் கடற்கரை மணலிலேயே தங்கம் கிடைத்தது. அலை சலித்த பிளேசர் அது. மலைச்சரிவில் மூலப் பாறை இற்றுப்போய், தங்கம் அதிகம் நகராமல் அங்கேயே தங்குவதும் பிளேசர்தான்.

ஆறு போன பிறகும் இருக்கும் பிளேசரும் உண்டு. 1897-இல் பொனான்சா ஓடையில் இடம் கிடைக்காத புதியவர்கள் மேலே குன்றுச் சரிவில் தோண்டத் தொடங்கியபோது, தங்கம் எங்கேயாவது மேட்டில் இருக்குமா என்று அனுபவசாலிகள் கேலி செய்தார்கள். அங்கேதான் வெண்ணிறச் சரளையும் தங்கமும் அள்ளிக்கொண்டு வந்தன. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஓடிய ஆற்றின் படுகை அது. பிறகு ஓடை பள்ளம் பறித்துக் கீழே இறங்கிவிட, பழைய படுகை மேட்டில் தங்கிவிட்டது. அந்தக் குன்றுக்கு இன்றும் ‘சீச்சாக்கோ’ என்று பெயர். புதிதாக வந்த ஆள் என்று பொருள். இதையெல்லாம் வண்டல் என்றால் எப்படி?

மற்ற மொழிகள் என்ன செய்தன என்று பார்க்கலாம். ரஷ்யர்கள் ‘ரோசிப்’ என்கிறார்கள்: சிதறிக் கிடப்பது. 1928-இல் கொலிமாவுக்கு ஆய்வுக் குழுவை நடத்திச் சென்ற யூரி பிலிபின் இந்தப் படிவுகளின் நிலவியலுக்கே அடிப்படை நூல் எழுதியவர். அவர் காட்டிய சரளையை 1931-க்குப் பிறகு தோண்டியவர்கள் பெரும்பாலும் கைதிகள் என்பது அந்தச் சொல்லின் மேல் படிந்த கறை. ஜெர்மானியர்கள் ‘சைஃபே’ என்கிறார்கள். சோப்புக்கும் அதே சொல்தான், ஆனால் சுரங்கக்காரர்களின் சைஃபே ஒழுகும் ஓடையைக் குறித்த பழஞ்சொல். ஆக, ஸ்பானியம் இடத்தைப் பார்த்தது, ரஷ்யம் சிதறலைப் பார்த்தது, ஜெர்மன் ஓடையைப் பார்த்தது. பிரித்தெடுக்கும் அந்தச் செயலை மூன்றும் விட்டுவிட்டன.

தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது, அடுக்களையிலேயே இருக்கிறது. முறத்தைச் சாய்த்து மெல்ல அசைத்துக் கல்லையும் தானியத்தையும் தனித்தனியே ஒதுக்குவதற்குப் பெயர் கொழித்தல். அதே சொல்லை ஆற்றுக்கும் அலைக்கும் சொல்கிறோம்: ஆறு மணலைக் கொழித்து ஒதுக்குகிறது, அருவி பொன் கொழிக்கிறது. அங்கிருந்துதான் ‘செல்வம் கொழிக்கும் ஊர்’ வந்திருக்க வேண்டும். ஒதுக்கிப் பிரிப்பது, கரையில் சேர்ப்பது, வளம் பெருகுவது மூன்றும் ஒரே வினையில். பிளேசரையும் பொனான்சாவையும் ஒரே சொல் பார்த்துக்கொள்கிறது.

எனவே என் கட்சி: பிளேசர் படிவு என்பதற்குக் ‘கொழிபடிவு’, பிளேசர் தங்கத்துக்குக் ‘கொழிபொன்’. வினைத்தொகையாக வைப்பதில் ஒரு வசதி உண்டு. கொழித்த, கொழிக்கின்ற, கொழிக்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். சீச்சாக்கோ குன்றின் பழைய படுகைக்கும் பொருந்தும், இன்று ஓடுகிற ஆற்றுக்கும் பொருந்தும். வினைத்தொகை என்பதால் நடுவில் ‘ப்’ போட்டுவிடக் கூடாது, அவ்வளவுதான். தாது மணலுக்கும் இது ஒத்துவரும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டையிலும் அலை ஒதுக்கிய கருமணல், நிலவியலாளர் கணக்கில் பிளேசர்தான். கிளான்டைக்கில் சரளையைத் தட்டில் இட்டு அலசும்போது கடைசியில் தங்கத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்பதும் கருமணலே. நம் பழைய நூல்கள் பொன்னை நான்காக வகுத்து, அதில் ஒன்றுக்குச் சாம்பூநதம் என்று நதியின் பெயரையே வைத்தன. ஆற்றில் பொன் வரும் என்பது நமக்குப் புதுச் செய்தி அல்ல.

கொழித்தல் ஆறு செய்வது. மனிதன் செய்வதற்கு அரித்தல் என்ற சொல் தயாராக இருக்கிறது. அரிசியைத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிச் சாய்த்து, கல்லை அடியில் நிறுத்துவதைத்தான் கல் அரிப்பது என்கிறோம். யூகானில் தட்டை வைத்துச் செய்வதும் அச்சு அசல் அதேதான். ஒரே வித்தியாசம், நாம் அடியில் நிற்பதை எறிகிறோம், அவர்கள் அதை வைத்துக்கொள்கிறார்கள். நகைப்பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அலசிப் பொன்துகள் எடுப்பவர்களும் அரிக்கிறவர்களே. ஈழத்து அரிக்கன் சட்டியின் உட்புறத்தில் வரிவரியாக விளிம்புகள் இருக்கும், கல் அதில் சிக்கும். சுரங்கக்காரர்களின் நீண்ட மரத்தொட்டியில் குறுக்கே அடித்திருக்கும் சட்டங்களுக்கும் அதே வேலை, தங்கம் அதில் சிக்கும். ஆகவே அந்தத் தொட்டியை ‘அரிதொட்டி’ என்று சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

கொழிபொன் இன்னொரு வகையிலும் உதவுகிறது. ஆளே இல்லாத வடக்கில் மூலப் பாறையைத் தேடும் நிலவியலாளர் ஓடையில் கிடைத்த பொன்துகளை உருப்பெருக்கியில் பார்ப்பார். முனை கூர்மையாக இருந்தால் பக்கத்திலிருந்து வந்தது. தட்டையாகி, ஓரம் மடிந்திருந்தால் நெடுந்தூரம் புரண்டது. பிறகு மேலே மேலே போய் மண் மாதிரிகள் எடுத்து, தங்கமும் அதோடு சேர்ந்து வரும் ஆர்சனிக் போன்றவையும் எங்கே கூடுகின்றன என்று வரைபடம் போடுவார். கிளான்டைக் வட்டாரத்து டாசன் நகருக்குத் தெற்கே ஒயிட் ஆற்றுப் பக்கம் 2000-களின் இறுதியில் பாறைத் தங்கம் கண்டது மண் மாதிரி வழியாகத்தான். பனிப்பாளம் தொடாத இடத்தில் மண் தன் பாறையின் மேலேயே உட்கார்ந்திருக்கும் என்பதால் இது சாத்தியம். பனிப்பாளம் நகர்ந்த மற்ற வடநிலங்களில் இந்த வித்தை அப்படியே பலிக்காது. பனி எந்தத் திசையில் இழுத்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு சொல் மிஞ்சுகிறது. அலசி முடித்த பிறகு ஒதுக்கும் சரளைக்கு என்ன பெயர்? பொனான்சா ஓடைக்கரையில் ‘டிரெட்ஜ் நம்பர் 4’ என்ற எட்டு மாடி உயர மிதவை எந்திரம் இன்றும் நிற்கிறது. 1913 முதல் 1959 வரை அந்த வட்டாரத்துப் பள்ளத்தாக்குகளைத் தோண்டி விழுங்கித் துப்பிய எந்திரம் அது. அதுவும் அதன் சகாக்களும் துப்பிய கற்கள் பள்ளத்தாக்கு நெடுக வரிவரியாகக் கிடக்கின்றன. வானத்திலிருந்து பார்த்தால் மண்புழு நெளிந்தது போல இருக்கும். மாவு சலித்தபின் சல்லடையில் மிஞ்சுவது கப்பி. ரோட்டுக்குப் போடும் சரளையும் கப்பிதான். டாசனைச் சுற்றிலும் அந்தக் கப்பிமேடுகளைச் சமப்படுத்தி வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள்.